ஒரே கோடிலிருந்து இலவச ஆப், கட்டண ஆப் இரண்டையும் உருவாக்குவது எப்படி?

திருநெல்வேலி பஸ் நேரங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை விளம்பரத்தோடு இலவசமாகவும், விளம்பரமில்லாமல் காசுக்கும் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ப்ராஜெக்டை இரண்டாக நகலெடுக்கலாமா? தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு பிழையையும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டி வரும்; ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும்.

இதற்காகவே, கோடிலிருந்து ஆண்ட்ராய்டு ஆப்பை உருவாக்கித் தரும் கருவியான கிரேடிலில் (Gradle) 'ப்ராடக்ட் ஃபிளேவர்' இருக்கிறது. ஒரே ப்ராஜெக்டிலிருந்து வெவ்வேறு ஆப்களை உருவாக்கும் வசதி அது. பத்தமடைப் பாய் மாதிரிதான்: கோரையும் தறியும் ஒன்றே, கல்யாணப் பாயில் மட்டும் மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்வார்கள். பொதுவான கோடு 'மெயின்' ஃபோல்டரில் இருக்கும். விளம்பரம் காட்டும் பகுதி மட்டும் இலவச ஃபிளேவரின் ஃபோல்டரில்.

இரண்டுக்கும் அப்ளிகேஷன் ஐடி கண்டிப்பாக வேறாக இருக்கட்டும். அதை வைத்துத்தான் போனும் பிளே ஸ்டோரும் ஆப்பை அடையாளம் காண்கின்றன. அப்புறம், பிளே ஸ்டோரில் இலவசமாக வெளியிட்ட ஆப்பைப் பின்னால் கட்டண ஆப்பாக மாற்ற முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே பிரித்துவிடுவது நல்லது.

கட்டண ஆப்பை நிறுவியதும் இலவச ஆப்பில் சேமித்ததெல்லாம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐடி வேறு என்பதால் போனுக்கு அவை இரண்டும் தனித்தனி ஆப்கள், தரவை மாற்றும் வழியை நாம்தான் எழுத வேண்டும்.