லைனை யார் நிரப்புகிறார்கள்? நெட்ஃப்ளோ கேள்வி பதில்

பேண்ட்வித் எங்கே போகிறது, நெட்வொர்க் ஏன் மெதுவாகிறது என்று ஃப்ளோ தரவை (எந்த ஐபி எந்த ஐபியோடு எவ்வளவு பேசியது என்று ரவுட்டர் தரும் பதிவு; நெட்ஃப்ளோ அதன் ஒரு வகை) வைத்துக் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். படிக்கும் முன் ஒரு வேண்டுகோள்: ஃப்ளோ காட்டும் எண்ணை இன்டர்ஃபேஸ் கவுண்டரோடு (ரவுட்டரின் ஒவ்வொரு இணைப்பிலும் மொத்தம் போன பைட்டை எண்ணுவது) ஒப்பிட்டுப் பார்க்காமல், "இவர்தான் லைனை அடைக்கிறார்" என்று யாரையும் கைகாட்டாதீர்கள்.

கேள்வி (கல்லூரி விடுதி): எஸ்என்எம்பி கிராஃப் இருக்கு சார். தினமும் ராத்திரி 200 எம்பிபிஎஸ் லைன் ஃபுல் ஆகுது. யாரால்னு தெரியலை. நெட்ஃப்ளோ போட்டா தெரியுமா?

தெரியும். எஸ்என்எம்பி (அந்த இன்டர்ஃபேஸ் கவுண்டரைப் படிக்கும் முறை) தண்ணீர் மீட்டர் மாதிரி; மொத்தம் எவ்வளவு போனது என்று மட்டும் சொல்லும். ஃப்ளோ என்பது அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் எழுதும் நோட்டு. யார், எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை மூட்டையோடு போனார் என்று இருக்கும். மூட்டைக்குள் என்ன என்று இருக்காது.

அனுப்புபவர் ஐபி, பெறுபவர் ஐபி, இரண்டு போர்ட்கள், புரோட்டோகால், டாஸ் பைட் (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி), உள்ளே வந்த இன்டர்ஃபேஸ் ஆகிய ஏழும் ஒன்றாக இருக்கும் பாக்கெட்டுகளை ரவுட்டர் ஒரே ஃப்ளோவாகக் கணக்கு வைக்கிறது. அது முடிந்ததும் ஒரு பதிவை யூடிபி மூலம் கலெக்டருக்கு (பதிவுகளைச் சேர்த்து வைக்கும் மெஷினுக்கு) அனுப்புகிறது. கலெக்டருக்குச் சாதாரண லினக்ஸ் மெஷின் போதும். பதிவுகளை வாங்கி வைக்கும் என்எஃப்கேப்டி (nfcapd) மென்பொருளை 2055 போர்ட்டில் ஓடவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒரு ஃபைல் எழுதும். பிறகு அந்த ஃபைல்களைப் படிக்கும் என்எஃப்டம்ப்பில் (nfdump) லைன் நிரம்பிய நேரத்து ஃபைல்களை மட்டும் எடுத்து, பெறுபவர் ஐபி வாரியாக, பைட் அளவில் முதல் 10 பேரைக் கேளுங்கள். விடுதியில் டவுன்லோடுதான் அதிகம் என்பதால் பெறுபவர் பக்கம் பார்க்க வேண்டும். அனுப்புபவர் பக்கம் பார்த்தால் வீடியோ சர்வர்களின் பட்டியல்தான் வரும்.

கேள்வி: போட்டுப் பார்த்தேன். எல்லா டிராஃபிக்கும் எங்க பப்ளிக் ஐபி பேர்லயே வருது.

வான் (WAN, இணையப் பக்க) இன்டர்ஃபேஸில் ஃப்ளோ பதிவு போட்டிருப்பீர்கள். அங்கே நாட் (NAT, உள் ஐபிகளை ஒரே பப்ளிக் ஐபியாக மாற்றுவது) முடிந்து ஐபி மாறியிருக்கும். லான் (LAN, உள் நெட்வொர்க்) பக்க இன்டர்ஃபேஸில், உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் போடுங்கள். வான் பக்கம் எடுத்துவிடுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டே நாட் செய்தால் ரவுட்டருக்கும் உண்மையான ஐபி தெரியாது. ஆக்சஸ் பாயின்ட்டை பிரிட்ஜ் மோடுக்கு (ஐபியை மாற்றாமல் அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்றுவதுதான் வழி.

கேள்வி (நிறுவன ஐடி பிரிவு): எங்க லைன் 100 எம்பிபிஎஸ்தான். ஃப்ளோ கிராஃப்ல அரை மணிக்கு ஒரு தடவை 300 எம்பிபிஎஸ் காட்டுது. எப்படி?

ஆக்டிவ் டைம்அவுட்தான் காரணம். பல சிஸ்கோ ரவுட்டர்களில் இதன் இயல்பு மதிப்பு 30 நிமிடம். ஒரு ஃப்ளோ முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் 30 நிமிடம் கழித்துத்தான் முதல் பதிவு வரும். பேக்கப் ஒன்று 50 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் 11.25 ஜிபி. பதிவு வந்த நேரத்தை வைத்து வரையும் மென்பொருள் அத்தனையையும் ஒரே 5 நிமிடக் கட்டத்தில் போடும். 11.25 ஜிபியை 300 விநாடியால் வகுத்தால் சரியாக 300 எம்பிபிஎஸ். நீங்கள் பார்ப்பது அதுதான்.

ஆக்டிவ் டைம்அவுட்டை 60 விநாடியாக மாற்றுங்கள். இன்ஆக்டிவ் டைம்அவுட் (பாக்கெட் வராமல் நின்ற ஃப்ளோவை முடித்துவைக்கும் நேரம்) 15 விநாடி அப்படியே இருக்கட்டும். பதிவுகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ரவுட்டர், கலெக்டர் இரண்டும் என்டிபி (கடிகாரங்களைச் சரிசெய்யும் புரோட்டோகால்) மூலம் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ரவுட்டர் கடிகாரம் 10 நிமிடம் பின்தங்கியிருந்தால், நீங்கள் புகார் வந்த நேரத்தில் தேடுவீர்கள். குற்றவாளி வேறு நேரத்தில் இருப்பார்.

கேள்வி: ஃப்ளோ மொத்தம் எஸ்என்எம்பி கணக்கோட ஒத்தே போகலை. எதை நம்புறது?

எவ்வளவு விலகுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றால், எல்லா இன்டர்ஃபேஸிலும் இன்கிரஸ் (உள்ளே வருவது), எகிரஸ் (வெளியே போவது) இரண்டும் போட்டிருப்பீர்கள். ஒரே பாக்கெட் ஒரு பக்கம் நுழையும்போதும் மறு பக்கம் வெளியேறும்போதும் எண்ணப்படுகிறது. எல்லா இன்டர்ஃபேஸிலும் இன்கிரஸ் மட்டும் போடுங்கள், அல்லது ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டும் போடுங்கள்.

ஃப்ளோ 100 மடங்கோ 1000 மடங்கோ குறைவாக இருந்தால் சாம்ப்ளிங் (எல்லா பாக்கெட்டையும் எண்ணாமல் சிலவற்றை மட்டும் எடுப்பது) விகிதத்தால் பெருக்குவது விட்டுப்போயிருக்கிறது.

எஸ்என்எம்பி விநோதமாகக் குறைந்தால் 32 பிட் கவுண்டரைப் படிக்கிறீர்கள். 1 ஜிபிபிஎஸ் முழு வேகத்தில் அது 34 விநாடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் எத்தனை சுற்று போனது என்று யாருக்கும் தெரியாது. எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி-க்கு மாறி 64 பிட் கவுண்டரைப் படியுங்கள்.

எஸ்என்எம்பி ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் கூடுதல் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஃப்ளோ ஐபி அளவை எண்ணுகிறது. எஸ்என்எம்பி ஈதர்நெட் ஃப்ரேமின் 18 பைட்டையும் சேர்க்கிறது. 1500 பைட் பாக்கெட்டில் இது 1.2 சதவீதம்தான். ஆனால் 200 பைட் குரல் பாக்கெட்டில் 9 சதவீதம். கால் சென்டர் நெட்வொர்க்கில் இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: எங்க சுவிட்ச்ல எஸ்ஃப்ளோ மட்டும்தான் இருக்கு. 1000-க்கு 1 பாக்கெட் எடுத்தா கணக்கு சரியா வருமா அண்ணா?

பெரிய பயனர்களுக்குச் சரியாக வரும். பிழை, எத்தனை சாம்பிள் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. 196-ஐ சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், 100-க்கு 95 தடவை தாண்டாத பிழை சதவீதம் கிடைக்கும். ஒரு ஐபிக்கு 10,000 சாம்பிள் இருந்தால் பிழை சுமார் 2 சதவீதம். 100 சாம்பிள் என்றால் 20 சதவீதம் வரை போகலாம். அதனால் 5 நிமிடக் கட்டத்தில் சின்னப் பயனர்களை வரிசைப்படுத்தாதீர்கள். ஒரு நாள் கணக்கில் பாருங்கள்.

போர்ட் ஸ்கேன், வைரஸ் பரவல் போன்றவற்றைப் பிடிக்க இதை நம்ப வேண்டாம். 5 பாக்கெட் மட்டுமே உள்ள ஃப்ளோ 1000-க்கு 1 சாம்ப்ளிங்கில் கண்ணில் படும் வாய்ப்பு அரை சதவீதம்தான்.

கேள்வி: கலெக்டரை ரீஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் ஒண்ணுமே வரமாட்டேங்குது. ஆனா டிசிபிடம்ப்ல (பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டும் கருவி) பாக்கெட் தெரியுது.

நீங்கள் நெட்ஃப்ளோ வெர்ஷன் 9 அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஐபிஃபிக்ஸ் பயன்படுத்துகிறீர்கள். இவற்றில் பதிவின் அமைப்பை டெம்ப்ளேட் என்று தனியாக அனுப்புவார்கள். அது வரும்வரை தரவைப் படிக்க முடியாது. சில கருவிகளில் டெம்ப்ளேட் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும், சிலவற்றில் 30 நிமிடம்கூட ஆகும். 60 விநாடியாகக் குறையுங்கள். வெர்ஷன் 5-இல் அமைப்பு நிலையானது என்பதால் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் அதில் ஐபிவி6 வராது.

கேள்வி: டாப் அப்ளிகேஷன் லிஸ்ட்ல 443 மட்டும்தான் இருக்கு. எது யூட்யூப், எது ஆபீஸ் வேலைன்னு எப்படிப் பிரிக்கிறது?

போர்ட் எண்ணை வைத்துப் பிரித்த காலம் போய்விட்டது. வெளியிலுள்ள சர்வரின் ஐபி எந்த ஏஎஸ் எண்ணைச் (இணையத்தில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் உள்ள எண்) சேர்ந்தது என்று பார்த்தால் ஓரளவு தெரியும். உள்ளூர் டிஎன்எஸ் சர்வரின் லாகை அதே நேரத்து ஃப்ளோவோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 443-இல் யூடிபியா டிசிபியா என்றும் பிரியுங்கள். யூடிபி என்றால் பெரும்பாலும் க்விக் (QUIC, யூடிபி மேல் ஓடும் வெப் புரோட்டோகால்). சிடிஎன் (பல தளங்களின் உள்ளடக்கத்தைப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சர்வர்கள்) ஐபி ஒன்றையே பல தளங்கள் பகிர்வதால் நூறு சதவீதம் உறுதி எப்போதும் கிடைக்காது. அறிக்கையில் அதை எழுதிவிடுவது நேர்மை.

கேள்வி: சென்னை ஆபீஸ்ல லைன் 30 சதவீதம்தான் ஓடுது. ஆனா அமெரிக்க சர்வருக்கு ஃபைல் காப்பி 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டலை. ஐஎஸ்பி மேல புகார் கொடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பிங் எவ்வளவு? 240 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். டிசிபி விண்டோ (எதிர்முனையின் ஒப்புதல் வருமுன் அனுப்பக்கூடிய அளவு) 64 கேபியில் நின்றுவிட்டால், ஒரு சுற்றுக்கு 64 கேபிதான் போகும். கணக்குப் போட்டால் 2.2 எம்பிபிஎஸ். லைன் 1 ஜிபிபிஎஸ் ஆக இருந்தாலும் இதே வேகம்தான். அதே தூரத்தில் 100 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் 3 எம்பி விண்டோ தேவை.

இணைப்பைத் தொடங்கும் சின் (SYN) பாக்கெட்டையும் அதற்கு வரும் பதிலையும் வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும் மென்பொருள்) பிடியுங்கள். இரண்டிலும் விண்டோ ஸ்கேல் ஆப்ஷன் (64 கேபியைத் தாண்ட உதவுவது) இருக்கிறதா? ஒன்றில் இல்லையென்றாலும் ஸ்கேலிங் நடக்காது. பழைய மென்பொருளோ நடுவிலுள்ள ஃபயர்வாலோ அதை நீக்கியிருக்கலாம். இருபுறமும் இருந்தால் ரீடிரான்ஸ்மிஷனை (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்புவதை) தேடுங்கள். நீண்ட தூரத்தில் மிகச் சிறிய பாக்கெட் இழப்பும் வேகத்தைக் கடுமையாக வீழ்த்தும். சுவிட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போன ஃப்ரேம்களின் எண்ணிக்கை) ஏறுகிறதா, டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியுமா என்ற அமைப்பு) இருபுறமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

30 சதவீதம் என்பதும் 5 நிமிடச் சராசரிதான். 30 விநாடி முழுதாக நிரம்பி மீதி நேரம் காலியாக இருந்தாலும் கிராஃப் 10 சதவீதம் காட்டும். அந்த 30 விநாடியில் வீடியோ மீட்டிங்கில் இருந்தவருக்கு லைன் செத்துத்தான் போயிருக்கும். அவுட்புட் டிராப் கவுண்டர் (வெளியே அனுப்ப இடமில்லாமல் விடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். விண்டோ, இழப்பு, தாமதம் எதையும் அடிப்படை நெட்ஃப்ளோ சொல்லாது.

கேள்வி: பதிவுகளை எவ்வளவு நாள் வைக்கணும்? டிஸ்க் எவ்வளவு?

வெர்ஷன் 5 பதிவு 48 பைட். விநாடிக்கு 1000 ஃப்ளோ என்றால் நாளுக்குச் சுமார் 4 ஜிபி, 180 நாளுக்கு 750 ஜிபி; சுருக்கி வைத்தால் இன்னும் குறையும். 180 என்று சொல்லக் காரணம், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு லாகுகளை அத்தனை நாள் வைக்கச் சொல்கிறது. ஃப்ளோ பதிவு உங்களுக்கு அதில் அடங்குமா என்று சட்டப் பிரிவிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

யார் எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பது மனிதர்களைப் பற்றிய தகவல். கலெக்டரில் லாகின் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மேலாளர்களுக்குத் துறை வாரியான கூட்டுத்தொகையை மட்டும் கொடுங்கள், ஐபி பட்டியலைக் கொடுக்காதீர்கள்.