ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினோம். "ஆன்டிவைரஸ் போடாம நெட் பக்கம் போனா ஒரே வாரத்துல சிஸ்டம் காலி" என்று சொல்லி, கடைக்காரர் 1,200 ரூபாய்க்கு ஒரு பாக்ஸை எடுத்து வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். லேப்டாப்பிலேயே வந்த ஒரு ஆன்டிவைரஸ் ட்ரையல் வேறு, தினமும் "பாதுகாப்பு முடியப்போகிறது" என்று சிவப்பில் மிரட்டுகிறது. இலவசமாகக் கிடைப்பது போதுமா சார்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காமல் வந்தீர்களே, நல்லது. உங்கள் மகளின் லேப்டாப்புக்கு அந்த 1,200 ரூபாய் செலவு தேவையில்லை. விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. அதைத் தனியாக இறக்க வேண்டாம், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டாம்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது சரியான பேச்சுதான். பிரவுசிங் சென்டரில் செருகிய பென்டிரைவை வீட்டில் போட்டால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்துதான் முழு ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. ஆரம்பத்தில் அது சுமார்தான். ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இதற்கென்றே சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. அங்கே அப்போது பின்வரிசையில் இருந்த டிஃபெண்டர், சில ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு முன்வரிசையில் நிற்கிறது.

அந்த ட்ரையலை வைத்திருக்காதீர்கள். வேறு ஆன்டிவைரஸ் வேலை செய்யும்போது டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பகுதிக்குப் போய் ட்ரையலை நீக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, பச்சை டிக் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் சிவப்பு மிரட்டல் வந்தால், அது ட்ரையலின் வேலை இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் பதறிப்போய்க் கூப்பிட்டார். திரையின் வலது கீழ் மூலையில் கேடயப் படத்தோடு "5 வைரஸ்கள் உள்ளன, உடனே புதுப்பிக்கவும்" என்று நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. கார்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார், பணம் கட்டுவதற்கு. நான் அந்தக் கட்டத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன். குரோமின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. சீரியல் பார்க்கப் போன ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப "அலோ" (அனுமதி) கேட்க, இவர் அழுத்தியிருக்கிறார். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியைத் திறந்தால் அப்படி 14 தளங்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் நீக்கினோம், மிரட்டல் அன்றோடு நின்றது. கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ்கூட இல்லை. இதையும் மகளிடம் சொல்லிவையுங்கள்: மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் ஒருபோதும் போன் நம்பர் இருக்காது. நம்பர் இருந்தால் அது மோசடி.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? என்னைக் கேட்டால், கிராக்குக்கு, அதாவது காசு கட்டாமலே ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோக்காரர் ஆல்பம் டிசைன் மென்பொருளின் கிராக்கை இறக்கினார். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அதிலேயே எழுதியிருந்தது, அப்படியே செய்தார். மறுநாள் காலை முகூர்த்தப் படம் ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ ஃபைல்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. கிராக் வழியாகவே பரவிய ஸ்டாப் (STOP) என்ற ரான்சம்வேர் அது, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். மூன்று கல்யாண வீட்டுப் படங்கள் போனது போனதுதான். அவர் 3,000 ரூபாய் கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கியிருந்தாலும், அணைத்து வைத்த காவலால் என்ன பயன்?

அதனால் அந்த 1,200-ஓடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை புராஜெக்ட், படங்கள் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்துவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும். செருகியே வைத்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். அப்புறம், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன் பகுதியில் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்று ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத மென்பொருள் உங்கள் டாகுமெண்ட்ஸ், படங்கள் ஃபோல்டரைத் தொட விடாது. பெரும்பாலும் ஆஃபில்தான் இருக்கும், ஆன் செய்துகொள்ளலாம். சில சமயம் நல்ல மென்பொருளையும் தடுக்கும். அதை மட்டும் அனுமதிக்க அங்கேயே வழி இருக்கிறது.

வெளியிலிருந்து இறக்கும் மற்ற இலவச ஆன்டிவைரஸ்கள் பற்றி ஒரு வார்த்தை. அவாஸ்ட் நிறுவனம், தன் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது. 2020-இல் அது வெளிச்சத்துக்கு வந்து ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டு விஷயத்தை வெளியில் விற்றால் எப்படி? டிஃபெண்டர் கையில் இருக்கும்போது இன்னொரு இலவசத்தைத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை.

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பில்லிங்குக்கும் டாலிக்கும் மூன்று கம்ப்யூட்டர், அதில் இரண்டு விண்டோஸ் 10. ஒன்றில் நெட் கிடையாது, ஆனால் ஆடிட்டர் ஆபீஸ் பென்டிரைவ் அடிக்கடி வந்துபோகும். எனக்கும் இலவசம் போதுமா?
- ஒரு வியாபாரி, விருதுநகர்

பதில்: உங்களுக்குக் காசு கொடுத்து வாங்குவதுதான் சரி. டிஃபெண்டர் பாதி வேலையை நெட் வழியாக மைக்ரோசாஃப்டைக் கேட்டுத்தான் செய்கிறது. நெட் இல்லாத கம்ப்யூட்டரில் அதன் பிடிக்கும் திறன் குறையும் என்பது சோதனைகளிலேயே தெரிந்த விஷயம். பென்டிரைவ் வந்துபோகும் இடத்தில் அது ஆபத்து. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவற்றுக்கு ஊருக்கு ஊர் டீலர்கள் இருக்கிறார்கள். சிக்கல் என்றால் கூப்பிடுகிற தூரத்தில் ஒரு ஆள் இருப்பதும் கடைக்கு முக்கியம். மூன்று கம்ப்யூட்டருக்குமான பாக்ஸாகக் கேளுங்கள், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக வரும். "டோட்டல்" என்று பெயர் போட்ட விலை கூடியது வேண்டாம், அடிப்படை வகையே போதும். நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் ஃபைலை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆனால் அதைவிட அவசரம் அந்த விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு அப்டேட் வழக்கம்போல் தானாக வராது. விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் கம்ப்யூட்டரையே மாற்றுங்கள். டாலி பேக்கப்பைத் தினமும் கடை சாத்தும் முன் எடுங்கள்.

கேள்வி: போன வருடம் 599 ரூபாய்க்கு வாங்கிய ஆன்டிவைரஸுக்கு இந்த வருடம் கார்டிலிருந்து 2,499 தானாகவே போய்விட்டது. நான் அதை ஆறு மாதம் முன்பே அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அன்இன்ஸ்டால் செய்தால் மென்பொருள் போகும், சந்தா போகாது. முதல் வருடத் தள்ளுபடியைக் காட்டி, மறு வருடம் முழு விலையை எடுப்பது இந்தத் தொழிலில் பழகிப்போன வழக்கம். அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து முதலில் ஆட்டோ ரினியூவலை ஆஃப் செய்யுங்கள். இன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். பல நிறுவனங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் தந்துவிடுகின்றன.

ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, வேண்டாம் என்றால் மறுக்கும் வசதியோடு வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். எஸ்எம்எஸ்ஸையும் மின்னஞ்சலையும் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் போன தேதி, தொகை, நீங்கள் எழுதிய கடிதம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.