சூடானதும் தண்ணீர் எடுக்காத இன்ஜெக்டர்

நீராவி எஞ்சினில் ஆவியின் வேகத்தால் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள், முதலில் பாய்லர் பக்கத்து செக் வால்வை (தண்ணீரைப் பாய்லருக்குள் மட்டும் விட்டு, திரும்ப விடாத வால்வு) பாருங்கள். காலையில் ஒழுங்காகத் தண்ணீர் ஏற்றிவிட்டு, எஞ்சின் சூடானதும் ஓவர்ஃப்ளோவில் (மிகுதி வெளியேறும் குழாயில்) ஆவியைக் கக்குகிறது என்கிறீர்கள். அந்த வால்வு சரியாக உட்காராமல் கொதிநீர் திரும்பிக் கசிந்தால் அப்படித்தான் ஆகும். உடம்பு சூடேறிய இன்ஜெக்டருக்குள் ஆவி குளிர்ந்து நீராகாது, இழுவையும் வராது.

இன்ஜெக்டரை மூடிச் சற்று நேரம் கழித்து, பாய்லருக்குத் தண்ணீர் போகும் டெலிவரி குழாய் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். அனல் அடித்தால் பெரும்பாலும் செக் வால்வுதான். அப்புறம் இன்ஜெக்டர் மேல் ஈரத்துணி சுற்றிப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே தண்ணீர் எடுத்தால் கோளாறு சூட்டில்தான். (இன்ஜெக்டருக்கு ஆவி விடும் வால்வு கசிந்தாலும் இதே கூத்து நடக்கும்.)

அழுத்தம் இருக்கும்போது செக் வால்வைத் திறக்கவே கூடாது. இரண்டாவது இன்ஜெக்டரும் மக்கர் பண்ணி, கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் அடிக்குப் போனால், சோதனையெல்லாம் பிறகு; அடுப்பிலிருந்து நெருப்பை இறக்கிவிடுங்கள்.