ஜிபியு எழுதிய முடிவை சிபியு படிக்க ஏன் இவ்வளவு நேரம்?

தண்டையார்பேட்டை நண்பரே, எண்ணூர் நெடுஞ்சாலை லாரிகளின் நம்பர் பிளேட்டைப் படிக்கும் உங்கள் நிரலில் ஜிபியு சட்டென முடித்தாலும், முடிவை சிபியு படிக்கும்போது இழுக்கிறது என்கிறீர்கள். முடிவு எழுதப்படும் பஃபர் (தரவு வைக்கும் மெமரிப் பகுதி) ரைட்-கம்பைன் என்ற வகை மெமரியில் இருக்க வாய்ப்பு அதிகம். அதில் எழுதுவது வேகம். சிறுசிறு எழுதல்கள் கொத்தாகச் சேர்ந்து போகும். படிப்பதுதான் கொடுமை: கேஷ் (சிபியு அருகிலேயே வைத்திருக்கும் சிறிய, வேகமான மெமரி) உதவாது, ஒவ்வொரு தடவையும் மெமரி வரை போய்வர வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் கேஷ் கோஹிரன்ட் (சிபியு கேஷும் ஜிபியுவும் தானாகவே ஒரே தரவைப் பார்க்கும்படி) ஆக்கிவிடலாமா? தயவுசெய்து வேண்டாம். மெமரியைப் பகிரும் ஜிபியுவில், அந்தப் பஃபரைத் தொடும்போதெல்லாம் சிபியு கேஷையும் விசாரிக்க வேண்டிவரும். பெரிய டெக்ஸ்சர்களுக்கு (ஜிபியு கையாளும் படத் தரவு) அது வீண்செலவு, மின்சாரமும் கூடும்.

படிக்கப்போகும் பஃபருக்கு மட்டும் வல்கனில் (நிரல் ஜிபியுவிடம் வேலை சொல்லும் இடைமுகம்) ஹோஸ்ட் கேஷ்ட் மெமரி, அதாவது சிபியு கேஷில் வைக்கக்கூடிய மெமரி, கேளுங்கள். அது கோஹிரன்ட் இல்லையென்றால், ஃபென்ஸ் (ஜிபியு வேலை முடிந்ததைச் சொல்லும் சைகை) முடிந்த பிறகு, படிப்பதற்கு முன் இன்வாலிடேட் செய்யுங்கள், அதாவது கேஷில் உள்ள பழைய பிரதியைச் செல்லாததாக்குங்கள். விட்டால் முந்தைய லாரியின் நம்பரே வரலாம்.