வாயில்லாத உயிர் எப்படிச் சாப்பிடும்?

கேள்வி: கரையோரக் கடலில் செத்த பாசி, மீன் கழிவு எல்லாவற்றையும் பாக்டீரியாதான் தின்று தீர்க்கிறது என்று படித்தேன். வாயே இல்லாத உயிர் எப்படித் தின்னும்? எவ்வளவு கழிவைக் கொட்டினாலும் கடல் சமாளித்துவிடுமா?

பதில்: பாக்டீரியா முதலில் செரித்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிடுகிறது. அதன் வெளிச்சவ்வில் உள்ள துளைகளில் சுமார் 600 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) உட்பட்ட மூலக்கூறுகள்தான் நுழையும். புரதங்களோ பெரும்பாலும் பல்லாயிரம் டால்டன் எடை கொண்டவை. அதனால் செல்லின் மேற்பரப்பிலும் சுற்றியுள்ள நீரிலும் நொதிகளை வைத்து, புரதத்தை அமினோ அமிலங்களாகவும் சர்க்கரைச் சங்கிலிகளைச் சிறு துண்டுகளாகவும் வெட்டிக்கொள்கிறது. வெட்டியதெல்லாம் வெட்டியவருக்கே கிடைப்பதில்லை. நொதியே இல்லாத அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களும் அதில் பங்கு எடுத்துக்கொள்கின்றன.

நொதிகள் இப்படி வெட்டும் வேகத்தை அளப்பதுதான் என் வேலை. மெத்தில்அம்பெல்லிஃபெரோன் என்ற சாயத்தைக் குளுக்கோஸோடு பிணைத்துக் கடல்நீரில் சேர்ப்போம். பிணைந்திருக்கும்வரை அது மங்கிக் கிடக்கும். நொதி வெட்டிவிட்டால் புறஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிரும். கொஞ்சம் காரக் கரைசல் விட்டால் அந்த நீலம் இன்னும் பளிச்சென்று ஏறும். பக்கத்திலேயே கொதிக்கவைத்து ஆறிய கடல்நீர் ஒரு குப்பியில் இருக்கும். அதில் நொதிகள் செயலிழந்துவிட்டதால் நீலம் ஏறாது. கொதிக்கவைக்காத கடல்நீரைப் பார்த்தால் தெளிந்த நீர்தானே என்று நினைப்போம். ஆனால் அதன் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அந்த நீரில் நீலம் ஏறுவது, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

சரி, கடல் சமாளிக்குமா? எல்லாவற்றையும் அல்ல. பாசியில் இருக்கும் லாமினரின் என்ற சர்க்கரை சீக்கிரமே சிதைந்துவிடும். பழுப்புப் பாசியின் ஃபுகாய்டன் லேசில் மசியாது. அதைச் செரிக்க லென்டிமோனாஸ் என்ற பாக்டீரியா நூற்றுக்கணக்கான நொதிகளை வைத்திருக்கிறது. அந்த வசதி எல்லா பாக்டீரியாவுக்கும் கிடையாது.

சுலபமாகச் சிதைகிற கழிவுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. அது வந்து குவிந்ததும் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகி, சுவாசித்தே நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. சிதைவில் வெளிவரும் அம்மோனியம் புதுப் பாசியை வளர்க்க, அதுவும் செத்து அடியில் படிகிறது. மேல்நீரும் அடிநீரும் ஒன்றோடொன்று கலக்காத காலத்தில் மேல்மட்ட ஆக்சிஜன் கீழே இறங்காது. அப்போது நகர்ந்து தப்ப முடியாத சிப்பிகளும் புழுக்களும் மாட்டிக்கொண்டு சாகின்றன.