சித்தப்பாவின் .357 – கடிதம்

வணக்கம் ஐயா,

லாசுப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சென்டர்ஃபயர் பிஸ்டல் பற்றிய உங்கள் கட்டுரையில் .32 லாங் தோட்டாவை அவ்வளவு புகழ்ந்துவிட்டு, மேக்னம் தோட்டாக்களை ‘சத்தம் பெரிது’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். அது ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு துலூஸ் பக்கம் குடியிருக்கிறார். அங்கே ஒரு சுடும் கிளப்பில் உறுப்பினர். அவரிடம் மனுரேன் எம்ஆர்73 ரிவால்வர் இருக்கிறது, .357 மேக்னம். ஜூன் மாதம் என்னை வரச் சொல்லியிருக்கிறார். கிளப்பில் சுட்டுப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சித்தப்பா “.357க்கு மேல் போவது வீண்” என்கிறார். அவருடைய நண்பர் “.44 சுடாதவன் ரிவால்வரைப் பற்றிப் பேசக்கூடாது” என்கிறார். இன்னொருவர் .500 வைத்திருக்கிறாராம், அவருக்கு .44 குழந்தைச் சாமானாம். வீடியோக்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சுடுகிறார், இன்னொருவர் கையை உதறிக்கொண்டு துப்பாக்கியைக் கீழே வைக்கிறார். இதில் யாரை நம்புவது? இதெல்லாம் வெறும் வீம்புதானா?

அன்புடன்,
லாசுப்பேட்டை வாசகன்

அன்புள்ள தம்பி,

மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவரவர் துப்பாக்கியின் எடை, உள்ளே போட்ட தோட்டாவின் காரம், சுட்ட காரியம், இந்த மூன்றையும் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்கிறார்கள். குழப்பம் அங்கேதான் வருகிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். புள்ளி வைத்த எண்கள் எல்லாம் குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை. மேக்னம் என்றால் அதே விட்டத்துச் சாதாரணத் தோட்டாவைவிடக் காரமானது. உங்கள் ஏர் பிஸ்டல் குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது அதில் இருக்கும் ஆற்றல் ஐந்தாறு ஜூல். நான் புகழ்ந்த .32 லாங்கில் சுமார் 150. வழக்கமான .357 மேக்னத்தில் 700ஐ ஒட்டி. .44 மேக்னத்தில் 1000 முதல் 1300 வரை. .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னத்தில் கனமான தோட்டா போட்டால் 3500 ஜூல் பக்கம் போகும், அது பெரிய வேட்டை ரைஃபிளின் கணக்கு. ‘மேக்னம்’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டாலும், .357க்கும் .500க்கும் நடுவே ஐந்து மடங்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவரின் அபிப்பிராயத்தை நான் அதிகம் மதிப்பதில்லை.

அப்புறம் கையில் விழும் உதை. அது தோட்டாவை மட்டும் பொறுத்ததில்லை. குண்டும் புகையும் முன்னால் போகிற வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வருகிறது. துப்பாக்கி கனமாக இருந்தால் மெதுவாக வரும், லேசாக இருந்தால் பாய்ந்து வரும். சட்டைப் பையில் போடுவதற்கென்று ஸ்காண்டியம் கலந்த அலுமினியத்தில் 350 கிராமுக்கும் குறைவாக .357 ரிவால்வர்கள் செய்கிறார்கள். அதே .357ஐ ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் எஃகு ரிவால்வரில் போட்டுச் சுட்டால் இதமாக இருக்கும். அந்தக் குட்டியில் போட்டுச் சுட்டால் முழு எடை .44 தருவதைவிட மோசமான அடி விழும். வீடியோவில் சிரித்தவரும் கையை உதறியவரும் ஒரே தோட்டாவைச் சுட்டிருக்கக்கூடும். போதாததற்கு, வெளிநாடுகளில் பலர் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். மருந்தைக் குறைத்துப் போட்ட .44ஐச் சுட்டுவிட்டு “பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது” என்று சொல்வதற்குத் தடை ஒன்றும் இல்லை.

.44 மேக்னத்தை அமெரிக்காவில் ஒரு நண்பரின் தயவில் சுட்டிருக்கிறேன். முழு மருந்து, ஆறரை அங்குலக் குழல், எஃகு. உதை நேராகப் பின்னால் வரும் என்று நினைத்திருந்தேன். அது மேல்நோக்கிச் சுழல்கிறது. கைப்பிடி உள்ளங்கைக்குள் நழுவி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையில் வந்து முட்டுகிறது. ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தின் அடிப்பக்கம் நடுவிரல் கணுவைத் தட்டுகிறது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் அடுத்த தோட்டாவுக்கு முன் மனசு ஒரு கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்குதான் பிரச்சினை. நண்பர் விவரமானவர். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிலிண்டரில் சில அறைகளில் நல்ல தோட்டாவும் சில அறைகளில் சுட்டு முடித்த காலிக் கூடும் போட்டு, மூடிக் கையில் கொடுத்தார். எது எங்கே என்று எனக்குத் தெரியாது. காலிக் கூட்டின் மேல் சுத்தியல் விழுந்தபோது ‘டிக்’ என்று மட்டும் கேட்டது, குழலோ இரண்டு விரல் அகலம் கீழே குனிந்தது. வெடிக்கவே இல்லை, ஆனால் என் மணிக்கட்டு வெடித்ததாகவே நினைத்து உதையை எதிர்த்து அழுத்திவிட்டது. கண்ணில் சொட்டு மருந்து விடும்போது சொட்டு விழுவதற்கு முன்பே இமை மூடிக்கொள்கிறதே, அதே வேலை. நிஜத் தோட்டாவில் இந்தக் குனிவு உதைக்குள் மறைந்துவிடும். குண்டு ஏன் இலக்குக்குக் கீழே போகிறது என்று தெரியாமல் குறிமுள்ளைத் திருகிக்கொண்டிருப்போம். ஏர் பிஸ்டலில் நீங்கள் மாதக்கணக்கில் பழகிய ட்ரிகர் விரலைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கட்டுரையில் நான் ஒரே வரியில் தள்ளியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நம் போட்டிக்கும் மேக்னத்துக்கும் சம்பந்தமே இல்லை. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் சென்டர்ஃபயரில் (தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்கவைக்கும் ரகம்) 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை விட்டம் இருக்கலாம், ஆனால் மேக்னம் ரகத் தோட்டாவுக்கு அனுமதி இல்லை. .32 லாங்கில் மூக்கை மழித்த தட்டைக் குண்டு போட்டுத்தான் பெரும்பாலானவர்கள் சுடுகிறார்கள். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை விழும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்த சென்டர்ஃபயர் பிரிவில்தான்.

சரி, அப்படியென்றால் மேக்னம் எதற்கு? அதற்கென்று வேலை இருந்தது. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357ஐக் கொண்டுவந்தபோது, கார் கதவுக்குப் பின்னால் ஒளிகிற கொள்ளைக்காரர்களிடம் .38 எடுபடவில்லை என்று அமெரிக்கப் போலீஸ் புலம்பிக்கொண்டிருந்தது. .38 ஸ்பெஷலின் பித்தளைக் கூட்டை மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீட்டினார்கள். பழைய .38 ரிவால்வர்களில் தவறிப்போய் நுழைந்து துப்பாக்கியைப் பிளந்துவிடக்கூடாது என்பதற்காக. தலைகீழாக, .38 தோட்டா .357 ரிவால்வரில் தாராளமாக நுழையும். இந்த வசதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன். .44 மேக்னம் 1955–56இல் வந்தது. ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரரும் துப்பாக்கி எழுத்தாளருமான எல்மர் கீத் பல வருடம் .44 ஸ்பெஷலில் மருந்தை ஏற்றி ஏற்றிச் சுட்டு, கம்பெனிக்காரர்களை நச்சரித்து வாங்கிய தோட்டா அது. கரடியும் மானும் உள்ள நாட்டில் அதற்குப் பொருள் உண்டு. 200 மீட்டரில் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடா உருவத்தைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கவிழ்க்கும் போட்டி ஒன்றும் அங்கே இருக்கிறது. பட்டால் போதாது, விழ வேண்டும். அங்கே உந்துதல்தான் புள்ளி. .44காரர்களின் பெருமை அங்கே செல்லும்.

நடுவில் .41 மேக்னம் என்று ஒன்று 1964இல் வந்தது. போலீஸுக்கு அது அதிகம், வேட்டைக்காரருக்கு .44 இருக்கிறது. இரண்டும்கெட்டானாக நின்றுவிட்டது. ஆனால் .41 பிரியர்களோடு மட்டும் வாதத்துக்குப் போகாதீர்கள், காபி ஆறிவிடும்.

2003இல் வந்த .500 பற்றி என் சொந்த அபிப்பிராயம்: அது காட்டுவதற்குச் செய்த சாமான். நீளக் குழல் வைத்தது இரண்டு கிலோ கனம். அலாஸ்காவில் கரடிப் பாதையில் நடக்கிறவர் வைத்திருந்தால் மறுக்க மாட்டேன். கிளப்பில் வைத்திருப்பவர் பக்கத்துப் பெட்டியில் நிற்பவரின் பல்லை ஆட்டுவதற்கு வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள், ஒரே நாளில் எத்தனை தோட்டா சுடுவீர்கள் என்று.

எங்கள் கடலூரிலும் இந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்து என்று பேச்சு. சென்னையிலிருந்து கவர்னர் எலிஹு யேல் நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பி வைத்தார். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மருந்து கூடக் கூட நிலம் கூடும் என்றால் நானும் .500தான் கேட்பேன்.

உங்கள் சித்தப்பாவுக்கு வருகிறேன். அவர் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடு, அவர் கையில் இருப்பதும் சாதாரணச் சாமான் இல்லை. எம்ஆர்73 பிரெஞ்சு ராணுவப் போலீஸான ஜாந்தர்மரியின் ஜிஐஜிஎன் அதிரடிப் படையோடு சேர்த்துப் பேசப்படும் ரிவால்வர். .357 மேக்னத்தை நாள்தோறும் சுட்டாலும் தாங்கவேண்டும் என்று செய்தது. எல்லா .357ம் அப்படித் தாங்காது. 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நடுத்தர உடம்பில் ஒரு .357 செய்தார்கள், பிற்பாடு மாடல் 19 என்று பெயர் பெற்றது. இடுப்பில் நாள் முழுக்கச் சுமக்க லேசு, போலீஸுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. லேசான 125 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) குண்டை வேகமாகத் தள்ளும் தோட்டாக்கள் வந்ததும், குழலின் பின்வாய் அடிப்பக்கம் விரிசல் விட ஆரம்பித்தது. அந்த இடத்தில் எஃகைச் சீவி மெலிதாக்கியிருந்தார்கள். அதன் பிறகுதான் 1980களின் தொடக்கத்தில் சற்றுத் தடித்த உடம்பு வந்தது. “நிறையச் சும, கொஞ்சமாகச் சுடு” என்ற ரகத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவர் .357ஐ நிந்தித்தால், அவர் நிந்திப்பது தோட்டாவை இல்லை.

பயிற்சிக்கு .38, இடுப்பில் .357 என்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நான்கு பேர் ஒரே இரவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பழகியது மெல்லிய .38, பணியில் போட்டுக்கொண்டது மேக்னம் என்ற விமர்சனம் அப்போது எழுந்தது, பயிற்சி முறையே மாறியது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, நீங்கள் காகிதத்தைச் சுடப்போகிறீர்கள். ஆகவே .38ஐயே பிரதானமாக வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது இதுதான். சித்தப்பாவின் எம்ஆர்73இல் முதலில் .38 தட்டைக் குண்டுகளைப் போட்டுச் சுடுங்கள். இலக்கில் ஓட்டைகள் ஓரிடத்தில் கூடும் வரை அதையே சுடுங்கள். பிறகு .357. நடுவில் அவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு காலிக் கூட்டைக் கலந்து போடச் சொல்லுங்கள். குழல் குனிந்தால் மேக்னத்தை அன்றைக்கு நிறுத்திவிட்டு .38க்குத் திரும்புங்கள். .44 நண்பர் அழைத்தால் ஒரு தோட்டா சுட்டுப் பாருங்கள், ஒரே ஒரு தோட்டா போட்ட சிலிண்டரோடு. உதையில் துப்பாக்கி கையிலேயே மேலே திரும்பும்போது விரல் தன்னையறியாமல் இன்னொரு முறை இழுத்துவிடுவது நடக்கிற காரியம். .500காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு வேண்டும், உள்ளே காதடைப்பான், மேலே காதுமூடி. .357இன் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காதைக் கெடுக்க 140 போதும். இன்னொன்று, ஏர் பிஸ்டல் பழக்கத்தில் இன்னொரு கையைக் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் சிலிண்டருக்கு முன்னால் விரலை வைத்துவிடாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு சதையைக் கிழிக்கும்.

சித்தப்பா ஞாபகார்த்தமாகக் காலிப் பித்தளைக் கூடு ஒன்றைக் கொடுப்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். பையில் தோட்டா இருந்தால் இங்கே ஆயுதச் சட்டத்தில் வழக்கு, காலிக் கூடுதான் என்று சென்னை விமான நிலையத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தால் புதுச்சேரி பஸ் போய்விடும். துளை விழுந்த இலக்குத் தாளைச் சுருட்டிக் கொண்டுவாருங்கள். அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள், .38 எது, .357 எது என்று தனித்தனியே எழுதி.