ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. யாரிடம் புகார் செய்வது?

உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான். இயந்திரம் வேறு வங்கியுடையதாக இருந்தாலும் அப்படியே. அந்த ஏ.டி.எம். காவலாளியிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பாவம், அவர் கையில் ஒன்றுமில்லை.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தொகை தானாகவே கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். விடுமுறை நாட்களும் இதில் அடங்கும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதை நீங்கள் கேட்காமலேயே வங்கி தர வேண்டும் என்பது விதி. நடைமுறையில், கேட்டுவிடுவதே நல்லது.

பெரும்பாலும் ஓரிரு நாளில் பணம் வந்துவிடும். இயந்திரம் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனக்குள் பதிவு செய்கிறது. பெட்டியில் மிஞ்சிய நோட்டுகளை அந்தப் பதிவோடு ஒப்பிட்டால், உங்கள் 5,000 ரூபாய் வெளியே வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஆகவே துண்டுச்சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். சீட்டு வரவில்லையா? குறுஞ்செய்தியை அழிக்காமல், ஏ.டி.எம். இருக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்க்கிறோம்" என்றால் விடாதீர்கள். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது வங்கியிடம் நீங்கள் அளித்த புகாரின் விவரம்தான்.